கோளுக்குள் சட்டக் காந்தம் இல்லை

பெருமதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நோர்வூட்டில் இருந்து எழுதுகிறேன். மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலை ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) 29 வருடம் எலெக்ட்ரீசியனாக இருந்தேன். இப்போது வயது 70ஐத் தாண்டிவிட்டது. உங்கள் பத்திரிகையை ஞாயிற்றுக்கிழமைகளில் விடாமல் வாங்குகிறேன். நான் படித்து முடித்ததும் மாணவர் பக்கம் தரம் 10 படிக்கும் என் பேத்திக்குப் போய்விடும்.

இரண்டு வாரத்துக்கு முன் அந்தப் பக்கத்தில் விஞ்ஞான மாதிரி வினாக்கள் வந்திருந்தன. அதில் ஒன்று இது: "புவியைப் போலவே ஏனைய கோள்களின் காந்த முனைகளும் அவற்றின் சுழற்சி முனைகளுக்கு அருகிலேயே அமைந்துள்ளன. சரியா, பிழையா?" சரி என்று விடை போட்டிருந்தீர்கள். பக்கத்தில் ஒரு படமும் இருந்தது. உருண்டையான கோள், அதன் நடுவே நெட்டாக ஒரு சட்டக் காந்தம், மேலே வ, கீழே தெ, இரண்டு பக்கமும் அழகாக வளைந்த கோடுகள்.

அடுத்த வாரம் அதே வினா பேத்தியின் வகுப்புப் பரீட்சையில் வந்தது. அவள் பிழை என்று எழுதி, கீழே "யுரேனஸ், நெப்டியூன் அப்படி இல்லை" என்று ஒரு வரியும் சேர்த்திருக்கிறாள். சிவப்பு மையால் குறுக்குக் கோடு. பத்திரிகையிலேயே சரி என்றுதானே போட்டிருக்கிறது என்றாராம் ஆசிரியை. வீட்டுக்கு வந்து என்னிடம் கேட்டாள்: "தாத்தா, நீங்கதானே சொன்னீங்க, அப்போ நீங்க சொன்னது பொய்யா?"

பொய் இல்லை. அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோளுக்குள் சட்டக் காந்தம் எதுவும் இல்லை. இரும்பு ஏறக்குறைய 770 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால் தன் காந்தத்தை இழந்துவிடும். பூமியின் மையத்தில் வெப்பம் 5,000 பாகையைத் தாண்டுகிறது. அங்கே எந்தக் காந்தக் கட்டையும் காந்தமாக நிற்காது. அங்கே இருப்பது டைனமோ. மின்சாரம் கடத்தும் திரவம் சூட்டில் ஏறி இறங்கிப் புரள்கிறது. அந்த அசைவு மின்னோட்டத்தை உண்டாக்குகிறது, மின்னோட்டம் காந்தத்தை உண்டாக்குகிறது, அந்தக் காந்தத்துக்குள்ளேயே திரவம் மறுபடியும் புரள்கிறது. ஒன்றை ஒன்று தூக்கிவிட்டுக்கொண்டே ஓடும் காரியம்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே கையால் தொட்டிருக்கிறேன். எங்கள் ஸ்டோரில் வெள்ளைக்காரத் துரைமார் காலத்துத் தண்ணீர் டர்பைன் ஒன்று இருந்தது. மேலே மலையில் ஓடையை மறித்துக் குழாய் இறக்கியிருந்தார்கள். அந்தத் தண்ணீர் சக்கரத்தைச் சுற்ற, சக்கரம் டைனமோவைச் சுற்றும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு வறட்சி. ஓடை வற்றி, டர்பைன் பல மாதம் சும்மா கிடந்தது. மழை பிடித்ததும் வால்வைத் திறந்தோம். சக்கரம் முழு வேகத்தில் ஓடுகிறது, பெல்ட் ஓடுகிறது, ஆனால் வோல்ட்மீட்டர் ஊசி அசையவில்லை. டைனமோ சுற்றுகிறது, கரண்ட் இல்லை.

எனக்கு வேலை பழக்கிய பெரியவர் லொறி பேட்டரி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். டைனமோவின் இரும்புக்குள் எப்போதும் கொஞ்சம் பழைய காந்தம் தங்கியிருக்க வேண்டும், அந்த விதை இருந்தால்தான் அது தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும், நெடுநாள் சும்மா கிடந்ததில் விதை செத்துவிட்டது என்று விளக்கினார். பேட்டரியின் இரண்டு வயரையும் காந்தச் சுருளில் சில விநாடி தொடச் சொன்னார். தொட்டேன். டைனமோவை மறுபடி சுற்றவிட்டதும் ஊசி துள்ளியது, ஆனால் எதிர்ப்பக்கம்! நான் வயரை மாற்றித் தொட்டுவிட்டேன். வடக்கு தெற்காகி, தெற்கு வடக்காகி, டைனமோ கொஞ்சமும் தயங்காமல் தலைகீழாகக் கரண்ட் தந்துகொண்டிருந்தது. பெரியவர் திட்டவில்லை. "பார்த்துக்கோ, இதுக்கு இந்தப் பக்கம்தான்னு ஒண்ணும் கிடையாது" என்றார்.

பூமியின் காந்தமும் அப்படித் திரும்பியிருக்கிறது என்று பல வருடம் கழித்துப் படித்தபோது அந்த ஊசிதான் கண்முன் வந்தது. கடைசியாக அது முழுதாகத் திரும்பியது ஏறத்தாழ 7,80,000 வருடத்துக்கு முன்பு. உள்ளே சட்டக் காந்தம் இருந்தால் இது எப்படி நடக்கும்? யார் போய்க் கட்டையைத் தலைகீழாகப் புரட்டுவது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் டைனமோவில் ஷாஃப்ட் ஒரு திசையில் சுற்றும், காந்தம் அதற்குக் குறுக்கே நிற்கும். சுற்றும் அச்சும் காந்தமும் ஒரே கோட்டில் இருந்தே ஆக வேண்டும் என்ற எண்ணம் டைனமோவோடு பழகியவனுக்கு வராது. கோளின் டைனமோவும் எங்கள் டைனமோவும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். அங்கே கம்பிச் சுருளும் இல்லை, ஷாஃப்டும் இல்லை, எல்லாமே ஓடும் திரவம். வேகமாகச் சுற்றும் கோளுக்குள் புரளும் திரவம் சுழற்சி அச்சுக்கு இணையாகத் தூண் தூணாக முறுக்கிக்கொள்ளும் என்கிறார்கள். அதனால்தான் பூமியிலும் வியாழனிலும் காந்தம் அச்சை ஒட்டியே இருக்கிறது. இரண்டிலும் சாய்வு சுமார் 10 பாகை. ஒட்டியிருப்பதற்குக் காரணம் இருக்கிறது, ஆனால் அது எல்லாக் கோளுக்குமான சட்டம் இல்லை.

1986 ஜனவரி 24ஆம் திகதி வொயேஜர் 2 யுரேனஸைக் கடந்தது. இன்றுவரை அங்கே போன விண்கலம் அது ஒன்றுதான். நான்கே நாளில், 28ஆம் திகதி, சேலஞ்சர் விண்ணோடம் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். வானொலி முழுக்க அந்தத் துயரச் செய்திதான். யுரேனஸ் பற்றி அப்போது நான் ஒரு சொல்லும் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அன்றைக்கே தூக்கம் போயிருக்கும்.

யுரேனஸ் ஏற்கெனவே பக்கவாட்டில் விழுந்து கிடக்கும் கோள். அதன் அச்சு 98 பாகை சாய்ந்திருக்கிறது. காந்தமும் அந்த அச்சோடு சேர்ந்து படுத்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். வொயேஜரின் காந்தமானி காட்டியது வேறு. காந்த அச்சு, சுழற்சி அச்சில் இருந்து 59 பாகை விலகி நிற்கிறது. அது கோளின் நடு மையத்தின் வழியாகவும் போகவில்லை. மையத்தில் இருந்து, கோளின் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தள்ளிப் போகிறது. அதனால் மேகங்களின் உயரத்தில் ஒரு பக்கம் காந்தப் புலம் 0.1 காஸ் (காந்த வலிமையை அளக்கும் அலகு), இன்னொரு பக்கம் 1.1 காஸ். ஒரே கோளில் பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம்! அந்த நேரம் யுரேனஸின் ஒரு முனை சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்ததால், பின்னால் நீளும் காந்த வால் கோள் சுழலச் சுழலத் திருகாணி போல முறுக்கிக்கொண்டிருந்தது.

அப்போது இரண்டு யூகம் சொன்னார்கள். யுரேனஸை எதுவோ மோதிச் சாய்த்ததே, அதன் விளைவு இது என்றார்கள் சிலர். காந்தம் தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருக்கும் வேளையில் நாம் தற்செயலாகப் பார்த்துவிட்டோமோ என்றார்கள் வேறு சிலர். இரண்டுமே கேட்பதற்குப் பொருத்தமாகத்தான் இருந்தன. 1989 ஓகஸ்ட் 25ஆம் திகதி அதே வொயேஜர் நெப்டியூனை அடைந்தது. நெப்டியூன் விழுந்து கிடக்கவில்லை. அதன் அச்சுச் சாய்வு 28 பாகை, பூமியின் 23 பாகையில் இருந்து அதிக தூரமில்லை. ஆனால் அதன் காந்தம் 47 பாகை சாய்ந்து, மையத்தில் இருந்து ஆரத்தின் பாதிக்கும் மேல், சுமார் 13,500 கிலோமீட்டர் தள்ளி இருந்தது. மோதல்தான் காரணம் என்றால் நெப்டியூனுக்கு அது பொருந்தவில்லை. இரண்டு கோளும் ஒரே காலத்தில் காந்தம் புரட்டிக்கொண்டிருப்பதும் நம்பும்படி இல்லை. இந்த வகைக் கோள்களின் இயல்பே இதுதான் என்று ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

அந்த 1989 எங்களுக்கு நல்ல வருடம் இல்லை. நாடெங்கும் கலவரம், இரவில் லைன் கரண்ட் அடிக்கடி நின்றுவிடும், டர்பைன் கரண்டில்தான் ஸ்டோர் ஓடியது. அதற்கு அடுத்த வருடம் என்று நினைவு, துரை பங்களாவில் இருந்து வந்த பழைய பேப்பர் கட்டில் ஒரு ஆங்கிலச் சஞ்சிகை கிடைத்தது. அதில் கோளின் வயிற்றுக்குள் கோணலாக, ஒரு ஓரமாக, சட்டக் காந்தம் ஒன்றைச் செருகி வைத்தது போலப் படம். அச்சுப் பிழையோ என்று சந்தேகப்பட்டேன். டர்பைன் அறையில் இரவு ஷிஃப்டில் உட்கார்ந்து, அகராதியை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. பக்கத்தில் டைனமோ ஓடிக்கொண்டிருக்க அதைப் படித்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் உடம்பு சிலிர்க்கிறது.

ஏன் இப்படி என்ற கேள்வி இன்னும் முடிந்தபாடில்லை. யுரேனஸும் நெப்டியூனும் 17 மணி, 16 மணி நேரத்துக்கு ஒரு முறை சுற்றுகின்றன, பூமியை விட வேகமாகவே. இருந்தும் தூண் போல முறுக்கி நிற்கும் ஒழுங்கு அங்கே வரவில்லை. வியாழனுக்குள் ஹைட்ரஜன் பயங்கர அழுத்தத்தில் உலோகம் போல மின்சாரம் கடத்துகிறது, ஆழமும் மிக அதிகம். யுரேனஸிலும் நெப்டியூனிலும் அந்த வேலையைச் செய்வது தண்ணீர், அமோனியா, மீதேன் கலந்த சூடான, நெருக்குண்ட திரவம். 2004இல் சபீன் ஸ்டான்லி, ஜெரமி பிளொக்ஸம் என்ற இரண்டு விஞ்ஞானிகள் கணினியில் ஒரு மாதிரி செய்து பார்த்தார்கள். திரவம் முழு ஆழத்துக்கும் புரளாமல், மேலே ஒரு மெல்லிய ஓட்டில் மட்டும் புரண்டு, அதற்குக் கீழே உள்ளது அசையாமல் அடுக்காக நின்றால் என்ன ஆகும் என்று பார்த்தபோது, கோணலான, மையம் தவறிய, பல முனை கொண்ட காந்தம் தானாகவே வந்தது. கீழே உள்ளது ஏன் புரளவில்லை என்பதற்கு 2024இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புர்க்ஹார்ட் மிலிட்சர் ஒரு விளக்கம் தந்தார். அந்த அழுத்தத்தில் தண்ணீர் நிறைந்த பகுதியும் கார்பன் நிறைந்த பகுதியும் எண்ணெயும் தண்ணீரும் போலப் பிரிந்து இரண்டு அடுக்காகிவிடும் என்கிறார். ஒரு விண்கலம் போய்ச் சுற்றிப் பார்த்தால்தான் உறுதியாகும். அமெரிக்க விஞ்ஞானிகள் 2022இல் தந்த பத்தாண்டுப் பரிந்துரையில் பெரிய பயணங்களில் யுரேனஸுக்குத்தான் முதலிடம் கொடுத்திருக்கிறார்கள். அது போய்ச் சேரும்போது நான் இருக்க மாட்டேன், என் பேத்தி இருப்பாள்.

உங்கள் படத்தில் உள்ளது போல அச்சில் அப்படியே நேராக நிற்கும் காந்தமும் ஒரு கோளுக்கு உண்டு. அது சனி. கசினி விண்கலம் 2017இல் தன் கடைசிச் சுற்றுகளில் அளந்தபோது, சனியின் காந்தச் சாய்வு 0.01 பாகையை விடக் குறைவு என்று தெரிந்தது. சரி, அதுதானே ஒழுங்கு என்று தோன்றும். ஆனால் தோமஸ் கௌலிங் என்பவர் 1930களிலேயே கணக்குப் போட்டுக் காட்டியது என்ன தெரியுமா? அச்சைச் சுற்றி முழுக்க ஒரே சீராக இருக்கும் காந்தத்தை எந்த டைனமோவும் நிலைநிறுத்த முடியாது. கொஞ்சமாவது கோணல் வேண்டும். அப்படியானால் சனிக்குள் உள்ள கோணலை மேலே உள்ள ஏதோ ஒரு அடுக்கு நம் கண்ணில் படாமல் மறைக்கிறது என்றுதான் பேசிக்கொள்கிறார்கள். ஆக, புத்தகப் படம் போல நேராக நிற்கும் அந்த ஒரே கோள்தான் விஞ்ஞானிகளுக்குப் பெரிய புதிர்!

சாய்வினால் ஒரு உபயோகமும் உண்டு. வியாழன், யுரேனஸ் போன்றவற்றில் கால் ஊன்றித் திருப்பத்தை எண்ணத் தரை கிடையாது, மேகங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வேகத்தில் ஓடும். சாய்ந்த காந்தம் கோளோடு சேர்ந்து ஆடுவதால், அதோடு ஏறி இறங்கும் ரேடியோ இரைச்சலைக் கேட்டு அந்த ஆட்டத்தை எண்ணி நாளின் நீளத்தைக் கண்டுபிடித்தார்கள். வியாழனின் ரேடியோ இரைச்சலை 1955இல் பேர்க், ஃபிராங்க்ளின் இருவரும் கண்டுபிடித்தது 22 மெகாஹேர்ட்ஸில், நான் இரவு ஷிஃப்டில் வெளிநாட்டு நிலையங்கள் தேடிய அதே சிற்றலையில். சனியில் ஆட்டமே இல்லாததால் அதன் நாள் எவ்வளவு என்று நெடுங்காலம் குழப்பம். கடைசியில் 2019இல் வளையங்களில் எழும் அலைகளைப் பார்த்து 10 மணி 33 நிமிடம் 38 விநாடி என்று கணித்தார்கள். யுரேனஸுக்கு ஹபிள் தொலைநோக்கி 2011 முதல் 2022 வரை துருவ ஒளியை, அதாவது காந்த முனைகளைச் சுற்றி வானில் எழும் ஒளியை, தொடர்ந்து பார்த்து 17 மணி 14 நிமிடம் 52 விநாடி என்று திருத்தியது. வொயேஜர் சொன்னதை விட 28 விநாடி அதிகம். ஒவ்வொரு சுற்றிலும் சேர்ந்துகொண்டே போன அந்தச் சின்னப் பிழையால், வொயேஜர் போய்ச் சில வருடத்திலேயே யுரேனஸின் காந்த முனை எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்ல முடியாமல் போயிருந்தது.

துருவ ஒளி என்ற பெயர்கூட அங்கே பொருந்தாது. 2025இல் வெளியான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிப் படங்களில் நெப்டியூனின் ஒளி துருவத்தில் இல்லை, நடு அகலக்கோடுகளில் இருந்தது. காந்த முனை எங்கேயோ ஒளியும் அங்கே.

நம் நாட்டில் இருந்துகொண்டு இதையெல்லாம் உணர்வது கொஞ்சம் கடினம். காரணம், நாம் பூமியின் காந்த நடுக்கோட்டுக்கு மிக அருகில் இருக்கிறோம். ஸ்டோர் அலுமாரியில் பித்தளைப் பெட்டிக்குள் ஒரு பழைய சீமைத் திசைகாட்டி இருந்தது. அதன் ஊசியின் தென்முனை எப்போதும் கீழே உரசிக்கொண்டே இருக்கும், கெட்டுப்போனது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஒரு நாள் திறந்து பார்த்தேன். தென்முனையில் மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருந்தது. இங்கிலாந்தில் ஊசியின் வடமுனை பூமிக்குள் இழுபடும், அதைச் சமன் செய்யக் கட்டிய பாரம் அது. இங்கே அந்த இழுவை இல்லை, பாரம் மட்டும் மிச்சம். கம்பியைப் பிரித்தேன். ஊசி தரைக்குச் சமமாக நின்று வடக்கைக் காட்டியது. திசைகாட்டி கெடவில்லை, வேறு ஊர்க் காந்தத்துக்காகச் செய்யப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

பேத்திக்கு நான் இதைக் காட்டிக்கொடுத்தது ஒரு உருளைக்கிழங்கில். நுவரெலியாக் கிழங்கில் பெரிதாக ஒன்றை எடுத்து இரண்டாக வெட்டி, வெட்டிய முகத்தில் நடு மையத்தை மையால் குறித்தோம். மையத்தில் இருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி இன்னொரு புள்ளி. அவளுடைய கேத்திரகணிதப் பெட்டியில் இருந்த பாகைமானியை வைத்து 59 பாகை அளந்தோம். முதல் புள்ளி வழியாக ஒரு சைக்கிள் கம்பி, அது சுழற்சி அச்சு. இரண்டாவது புள்ளி வழியாக அந்தக் கோணத்தில் இன்னொரு கம்பி. இரண்டு பாதியையும் சேர்த்து ரப்பர் போட்டு, பக்கவாட்டில் பிடித்துச் சுற்றச் சொன்னேன். இரண்டாவது கம்பி குடை ராட்டினம் போல அகன்று சுற்றியது. அவள் இரண்டு நிமிடம் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டு, "அப்போ யுரேனஸ்ல திசைகாட்டியை நம்பி நடந்தா எங்க போவோம் தாத்தா?" என்று கேட்டாள். தரம் 10 பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி அதுதான் ஐயா. அந்தக் கேள்வியோடு பரீட்சைக்குப் போனவளுக்குத்தான் அந்தச் சிவப்புக் குறுக்குக் கோடு.

அவளுடைய ஆசிரியை மேல் எனக்கு வருத்தம் இல்லை. தோட்டப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரே ஆசிரியை மூன்று பாடம் நடத்துகிறார், அவருக்குக் கையில் கிடைப்பது உங்கள் பக்கம்தான். இங்கே நிறையப் பிள்ளைகளுக்கும் விஞ்ஞானம் வந்து சேரும் வழி அதுதான். லயத்து வீட்டுச் சுவரில் அந்தப் பக்கத்தை ஒட்டி வைத்துப் படிக்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். ஒட்டிய படம் வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும்.

ஆகவே என் வேண்டுகோள் இரண்டு. அந்த விடை பிழை என்று ஒரு வரி திருத்தம் போடுங்கள். அடுத்ததாக, சட்டக் காந்தப் படம் போட்ட அதே இடத்தில், அதே அளவில், யுரேனஸின் படத்தைப் போடுங்கள். சுழற்சி அச்சுக்கு ஒரு கோடு, காந்த அச்சுக்கு ஒரு கோடு, இரண்டு நிறம். வியாழனையும் சனியையும் நெப்டியூனையும் பக்கத்தில் சிறிதாக வைத்தால் பிள்ளைகள் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கீழே "கோளின் காந்தம் டைனமோவால் உண்டாகிறது" என்று எழுதினால் எனக்குப் பெரிய சந்தோஷம்.

பேத்தி வரைந்த படத்தை இத்துடன் அனுப்புகிறேன். இடம் போதாமல் சுருக்க நேர்ந்தால் நீளத்தையும் அகலத்தையும் ஒரே அளவாகச் சுருக்கச் சொல்லுங்கள். ஒன்றை மட்டும் குறைத்தால் கோணம் மாறிவிடும். அது 59 பாகை, அவள் மூன்று முறை அளந்து வரைந்தது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஸ்டோர் எலெக்ட்ரீசியன்,
நோர்வூட்.